பேச்சியின் வண்டி: ஒரு நாவலுக்காக டி.வி.எஸ். 50 பழுது பார்த்த கதை

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் எழுதி முடித்திருந்த இளையோர் நாவலின் முதல் படியை அவளிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். கதாநாயகிக்கும் அவளுக்கும் ஒரே வயது, 16. நாலு நாள் கழித்துத் தாள்கட்டை மேசையில் போட்டுவிட்டுக் கேட்டாள்: “மாமா, இவ வண்டி ஓட்டுதாளா, இல்ல பரிட்சைக்குப் படிக்காளா? பக்கத்துக்குப் பக்கம் யோசிச்சிக்கிட்டே இருக்கா.”

கதை இதுதான். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவின் பழைய மொபெட்டை, அவர் காலத்துக்குப் பிறகு புன்னைக்காயலில் ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். லோடு ஆட்டோவுக்குக் கொடுக்கும் வாடகை வண்டியின் விலையில் பாதியைத் தின்றுவிடும். நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று பேத்தி கிளம்புகிறாள். அவள் பெயர் பேச்சியம்மாள். குலசாமி பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்காது, வெளியாட்களிடம் பூஜா என்று சொல்லிக்கொள்வாள். பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. ஆற்றின் முழு நீளம் சுமார் 128 கிலோமீட்டர். ஆற்றை ஒட்டியே சாலை, சாலை முழுக்க அவளும் வண்டியும்.

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. கைப்பேசி வரைபடத்தைப் பார்த்து, மேசையை விட்டு எழுந்திருக்காமல் பாபநாசத்திலிருந்து கடல்வரை கொண்டுபோய்விட்டேன். அக்கா மகள் கேட்ட மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. ஸ்டார்ட் பண்ணும்போது கால் எங்கே இருக்கும்? பையை எங்கே வைத்தாள்? வண்டி நின்றுபோனால் முதலில் எதைத் தொடுவாள்? அதோடு ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. நான் பேச்சிக்குக் கொடுத்திருந்தது டி.வி.எஸ். கம்பெனியின் எக்ஸ்.எல். சூப்பர் மொபெட். அதன் எஞ்சின் 70 சி.சி.க்கு ஒரு நூல் குறைவு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் நான்காவது பிரிவுப்படி 16 வயதில் ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டும்தான், அதைவிடப் பெரிய இருசக்கர வண்டிக்கு 18 ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் ஓட்டினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. முதல் அத்தியாயத்திலேயே பேச்சியின் அப்பாவை உள்ளே தள்ளியிருக்கிறேன்!

ஆக, 50 சி.சி. வண்டி வேண்டும். எங்களிடம் ஒன்று இருந்தது. அப்பாவின் டி.வி.எஸ். 50, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில். இருந்தது என்பதைவிடப் புதைந்து கிடந்தது என்பதே சரி. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆறு அந்தத் தெருவுக்குள் வந்து போனது. கட்டில், பீரோ, மிக்ஸி என்று எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார்கள். வண்டியை யாரும் தொடவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே நின்றது. நான் போய் இழுத்தபோது இரண்டு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன.

பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. மொபெட் என்றால் அவர்தான். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார், பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார், அது அசையவில்லை. “எஞ்சினுக்குள்ள ஆறு போயிருக்கு அண்ணாச்சி. ஆயில் சீல், பேரிங், ரிங் எல்லாம் மாத்தணும். எடைக்குப் போட்டா லாபம்” என்றார். நாவலைப் பற்றிச் சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எஞ்சின நான் பாத்துக்கிடுதேன். மத்ததெல்லாம் நீங்களே கழட்டிச் செய்யுங்க, அப்பதான் எழுத வரும்” என்றார். எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல யோசனை யாரும் சொன்னதில்லை, கூலியும் பாதியானது.

நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

முதலில் டேங்க். உள்ளே துருவும் வண்டலும் சேர்ந்து காப்பிப்பொடி மாதிரி அப்பியிருந்தது. ஒரு கை சரளைக்கல்லைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு குலுக்க வேண்டும். கால் மணி நேரம் குலுக்கினால் கை கழன்றுவிடும். அக்கா மகளும் நானும் மாற்றி மாற்றிக் குலுக்கினோம். ஏழாவது தண்ணீர்தான் தெளிவாக வந்தது. கத்திரி வெயிலில் கவிழ்த்து வைத்தோம், மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. பெட்ரோல் குழாய் கட்டையாக இறுகிப்போயிருந்ததால் புதிது போட்டோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பரை நம்பக்கூடாது.

சைலன்சரின் உள்குழாயை உருவி, தென்னை மட்டைத் தீயில் போட்டுச் சுட்டு, தட்டிச் சுரண்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கரி கட்டாயம் படியும், இதில் கரியோடு ஆற்றுச் சகதியும் இருந்தது. புகை எழுந்து பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டி சட்டை வரைக்கும் போனது. அதற்குக் கேட்ட பேச்சை நாவலில் சேர்க்க முடியாது.

கார்புரேட்டரில் நான் மயங்கிப்போனேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் ப்ளோட், நடுவில் பித்தளை ஜெட். அந்த ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். வண்டியின் மொத்தச் சாப்பாடும் அது வழியாகத்தான் போகிறது. எங்கள் ஜெட் பச்சைப் பிசின் பிடித்து அடைந்திருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பெட்ரோல் குடிக்கும். ஒயரில் இருந்து ஒற்றை செம்பு இழையைப் பிரித்து, மெதுவாக விட்டு எடுத்து, வாயால் ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தால் சரி. அக்கா மகள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “பிறை மாதிரி தெரியுது மாமா, இன்னும் ஒரு பக்கம் அடைச்சிருக்கு” என்றாள். எனக்குத் தெரியாதது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பிறை அப்படியே பேச்சிக்குப் போயிற்று.

அப்புறம் கரண்ட். காந்தச் சக்கரத்தின் ஜன்னல் வழியாகப் பாயிண்டை, அதாவது பிளக்கில் பொறி வருவதற்காகத் தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு முனைகளை, உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தோம். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொடவைத்துக்கொண்டு பெடலைச் சுற்றினால் மஞ்சளாக, சோம்பலாக ஒரு பொறி. மெக்கானிக் அண்ணாச்சி தூரத்தில் இருந்தபடியே “கண்டென்சர் போச்சு” என்றார். புதுசு போட்டதும் நீலமாக, ‘டக்’கென்று சத்தத்தோடு வந்தது. முதல் படியில் இந்த இடத்தில் நான் ‘அவளுக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது’ என்று எழுதியிருந்தேன். அன்று ராத்திரியே அடித்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை மிதிக்க மிதிக்க, ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு கூரையே அதிரும் ஒரு ‘டர்ர்ர்’. வெள்ளைப் புகை. அப்பாவின் சட்டையில் இருந்த அதே வாசனை. அக்கா அடுப்படியில் இருந்து ஓடிவந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி உள்ளே போய்விட்டாள்.

ஆர்.சி. புதுப்பித்தது, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இவற்றுக்கு அலைந்தது தனிக் கதை. அக்கா மகளிடம் லைசென்ஸ் இல்லை, அதனால் ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டலில் மட்டும் ஓட்டினாள். நான் கல்லில் உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். இறங்கும்போது அவள் முதலில் செய்தது, தொடையைத் தேய்த்துக்கொண்டது. சீட் சூடு. அடுத்து, உள்ளங்கை மரத்துப்போய்விட்டது என்று விரலை மடக்கி மடக்கி விரித்தாள். ஓட்டும்போது என்ன நினைத்தாய் என்று கேட்டேன். “ஒண்ணும் நெனைக்கல. முன்னால ஒரு நாய் படுத்திருந்துச்சு” என்றாள். என் நூற்றிச்சொச்சம் பக்கத்துக்கு விழுந்த அடி அது.

ஆனி மாதம், சாரல் காற்று தொடங்கியிருந்தது. மேற்கே இருந்து அடிக்கும் காற்று, கிழக்கே போகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும். பாளையங்கோட்டையில் டேங்கை முட்ட நிரப்பி, லிட்டருக்கு 40 மில்லி கணக்கில் 2டி ஆயில் கலந்துகொண்டு திருச்செந்தூர் சாலையில் விட்டேன். கிருஷ்ணாபுரம் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. இரண்டு தடவை முனகி, பிறகு பேச்சே இல்லை.

பிளக்கைக் கழற்றினேன். காய்ந்திருந்தது, அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. துடைத்து மாட்டினேன், மிதித்தேன், கிளம்பியது. பிளக்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து செய்துங்கநல்லூருக்குள் நுழையும்போது நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து ஊதினேன், கிளம்பியது. ஜெட்டில் தூசி என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை ஆதிச்சநல்லூர் பரம்புக்கு எதிரே. மூவாயிரம் வருடத்துத் தாழிகள் கிடக்கும் மேட்டுக்கு முன்னால் ஸ்பேனரோடு குத்தவைத்து உட்கார்ந்தேன். டீ குடித்துவிட்டு வந்து எதையுமே தொடாமல் மிதித்தேன். கிளம்பியது! எனக்குப் பயமே வந்துவிட்டது.

ஆழ்வார்திருநகரிக்குச் சற்று முன்னால் நாலாவது தடவை நின்றபோது, வாழைத் தோட்டத்தில் இருந்து பவர் ஸ்ப்ரேயரை முதுகில் சுமந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். முழுசாகக் கேட்காமலே, “மூடியத் தெறந்து பாத்தீயளா?” என்றார். பெட்ரோல் நிறைய இருக்கிறது என்றேன். “பெட்ரோல் இருக்கட்டும், காத்து இருக்கா?” என்று அவரே மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. “எங்க ஸ்ப்ரேயருக்கும் இதே சீக்குதான். மூடியில மூச்சுக்குழி இருக்கும், அடைச்சிருக்கு பாருங்க.”

மூடியின் நடுவில் மிளகுக்குப் பாதி அளவில் ஒரு குழி. அதில் காய்ந்த வண்டல், மங்கலான செம்மண் நிறத்தில், சிமென்ட் மாதிரி. டேங்கை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியவன் மூடியை வெறும் துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலே இருந்து காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலை மேலே பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றபின் கசிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகும், மறுபடி கிளம்பும். நான் பிளக்கைத் துடைத்ததும் ஜெட்டை ஊதியதும் ஒன்றுக்கும் உதவவில்லை. அதைச் செய்த பத்து நிமிடம்தான் வண்டியைக் கிளப்பியது.

பெரியவர் தன் சட்டையில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். குத்தி எடுத்தேன். அதன்பின் வண்டி நிற்கவே இல்லை. திரும்பும்போது எதிர்க்காற்றில் சைக்கிள்காரர்கூட என்னை முந்தினார் என்பது வேறு விஷயம்.

அன்றிரவு நோட்டைப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஓட்டத்துக்கு ஓட்டம் தூரம் கூடியிருந்தது. முதல் ஓட்டம் சின்னது, அடுத்தது கொஞ்சம் பெரிது, அதற்கடுத்தது இன்னும் பெரிது. டேங்க் முட்ட இருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, சீக்கிரம் இழுத்துப் பிடித்துவிடும். பெட்ரோல் குறையக் குறைய மேலே காற்று அதிகம், வண்டி கூடுதல் தூரம் போகும். நாவலின் அத்தியாயங்களை எப்படிப் பிரிப்பது என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இதோ வண்டியே பிரித்துக் கொடுத்திருக்கிறது.

அதைச் சரிபார்க்காமல் விட மனமில்லை. மேல்பாதிச் சாலைக்கும் எனக்குக் கணக்கு வேண்டும். ஆகவே சரியான மூடியை மறுபடி கெடுத்தேன். சோப்பை வைத்து அடைத்துவிட்டு விக்கிரமசிங்கபுரத்தில் கிளம்பினால் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வண்டல் முழுக்க அடைக்காமல் எங்கேயோ ஊசிமுனை அளவு காற்று விட்டிருக்கிறது. சோப்பில் ஊக்கால் ஒரு குத்துக் குத்தினேன், பழைய சீக்கு திரும்ப வந்தது. போனில் இதைச் சொன்னபோது மெக்கானிக் அண்ணாச்சி, “ஒங்களுக்கு வேற சோலியே இல்லியா?” என்று கேட்டார்.

அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் நின்றது. அப்புறம் வீரவநல்லூர். அப்புறம் சேரன்மகாதேவி கடந்து பத்தமடை. பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணை நிழலில் ஒதுங்கினேன். அங்கே ஒரு அம்மா கோரையைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீரில் ஊறிய கோரை, நூல் கணக்காகப் பிளந்தால்தான் பட்டுப்பாய்க்கு ஆகும். கண் கத்தியில் இருந்தது, பேச்சு மட்டும் என்னிடம். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். பதிலைக் கேட்டு ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சி இந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எந்தப் பெயரைச் சொன்னாலும் இந்த அம்மாவுக்கு ஒன்றுதான் என்று தோன்றியது. அந்த இடத்திலேயே நோட்டை எடுத்து எழுதினேன். முதல் படியில் பேச்சி தன் பெயரைப் பற்றி மூன்று பக்கம் யோசிக்கும் இடம் இப்போது இதுதான்: கேட்கிற அம்மா நிமிரவில்லை, அவள் பூஜா என்கிறாள், கத்தி கோரையில் இறங்குகிறது.

இரண்டாவது படியில் நாவல் 22 அத்தியாயத்தில் இருந்து 11 ஆயிற்று. ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம், போகப் போக நீளம். சின்னப் பழுதை விட்டுவிட்டுப் பெரிய விபத்து எதுவும் வைக்கவில்லை. பேச்சி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வைத்தியம் கண்டுபிடிக்கிறாள். பிளக்கைத் துடைக்கிறாள், ஜெட்டை வெயிலுக்குப் பிடித்துப் பிறை பார்க்கிறாள், ஒரு இடத்தில் சைலன்சரைச் செருப்பால் அடிக்கிறாள், இன்னொரு இடத்தில் பேச்சியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்துவைக்கிறாள். எல்லாமே பலிக்கின்றன. வண்டி கிளம்பும்போதெல்லாம் தான் ஒரு மெக்கானிக் என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பிக்கிறாள்.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்கும் அக்கா மகளுக்கும் சண்டை. புன்னைக்காயல் 16ஆம் நூற்றாண்டில் தமிழை அச்சில் ஏற்றப் பாடுபட்ட அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்த ஊர் ஆயிற்றே என்று இரண்டு பக்கம் வைத்திருந்தேன். ஓரத்தில் “பாட புஸ்தகம்” என்று எழுதிக் கோடு போட்டுவிட்டாள். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் அதே கோடு. அதைவிட, வண்டி வாங்குகிறவர் கேட்கும்போது பேச்சி தன் சொந்தப் பெயரைச் சொல்வதாக முடித்திருந்தேன். “கடைசில பேச்சின்னுதான் சொல்லுவான்னு எனக்கு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிபோச்சு மாமா” என்றாள். பொய் சொல்ல மாட்டாள்.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை மூடியைச் சுத்தமாக வைத்து, ஏரல், ஆத்தூர் வழியாக நேரே கடல்முகம் வரை போனேன். ஆறு அகன்று, தண்ணீரில் உப்பு ஏறி, கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. டேங்கைத் திறந்து பார்த்தேன், கால்வாசிக்கும் கீழே. இந்த அளவுக்குப் பெட்ரோல் இறங்கியிருந்தால் அடைத்த மூடியோடும் பேச்சியின் வண்டி தாராளமாக ஓடும். அவள் கொண்டுவந்து ஒப்படைக்கும் நேரத்தில் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. வாங்குகிறவர் டேங்கை நிரப்பிய மறுநாள்தான் சீக்கு ஆரம்பிக்கும்.

இதைச் சொல்வாளா, மாட்டாளா? அவளுக்கே தெரியுமா? நாவலில் நான் அந்த ஸ்ப்ரேயர் பெரியவரை இன்னும் வைக்கவில்லை. வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் மறைத்தால் ஏமாற்று. வைக்காவிட்டால் அவள் தன்னை மெக்கானிக் என்று நம்பிக்கொண்டே பஸ் ஏறிவிடுவாள். அக்கா மகளிடம் இரண்டையும் சொன்னேன். “பெரியவரை வைங்க. ஆனா அவ வண்டிய ஒப்படைச்சுட்டு, ரூவாய வாங்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வைங்க” என்றாள்.

இப்போது அப்படித்தான் இருக்கிறது. பேச்சி திரும்பி நடந்து வருகிறாள், கையில் ஊக்கு. வாங்கியவர் மூடியைத் திருப்பிப் பார்த்து, தலையாட்டி, ஒப்படைப்புச் சீட்டை நீட்டுகிறார். அதில் ‘வண்டி கொண்டுவந்தவர்’ என்ற இடத்தை அவள் ஏற்கெனவே நிரப்பியிருக்கிறாள். சீட்டைக் கேட்டு வாங்கி, பேனாவும் கேட்கிறாள். என்ன எழுதுகிறாள் என்று நான் காட்டவில்லை. அக்கா மகள் வாசித்துவிட்டு, “பரவால்ல” என்றாள். அவள் அகராதியில் அது பெரிய வார்த்தை.

மொத்தச் செலவு 6,800 ரூபாய், சோப்பு நீங்கலாக. வண்டி அக்கா வீட்டில் நிற்கிறது, இந்தத் தடவை படிக்கு அடியில் இல்லாமல் முன்வாசலில். அந்தப் பெரியவரின் ஊக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அது சாவிக்கொத்தில் கிடக்கிறது.